தாந்தேயின் நரகத்து அடித்தளம் எரிவதில்லை, உறைந்திருக்கிறது

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகக் காவியமான 'இன்ஃபெர்னோ'வில் கீழே போகப் போக வெப்பம் கூடும், கடைசியான ஒன்பதாம் வட்டம் நெருப்புக் குழி என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். நூலில் இருப்பது வேறு, நண்பர்களே. ஒன்பதாம் வட்டம் கொக்கீட்டஸ் என்ற உறைந்த ஏரி. துரோகிகள் அதன் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடக்கிறார்கள். விருந்தாளிகளுக்குத் துரோகம் செய்தவர்களின் நிலைதான் படிக்கவே கொடுமையானது. முகம் மேல்நோக்கி இருப்பதால் முதல் கண்ணீரே கண்குழியில் உறைந்து அடைத்துவிடும், அடுத்த சொட்டு வெளியே வர வழியின்றி உள்ளே திரும்பும். அழக்கூட முடியாது. அந்தக் குளிரைக் கிளப்புவது, மார்பின் பாதி வரை பனியில் சிக்கிய லூசிஃபரின், அதாவது சாத்தானின், ஆறு சிறகுகள்.

நெருப்பும் உண்டு, ஆனால் அதற்கு மேலே: ஆறாம் வட்டத்தில் எரியும் கல்லறைகள், ஏழாவதில் சுடுமணல் மீது நெருப்பு மழை. குழப்பம் இதனால் வந்திருக்கலாம்.

சரிபார்க்க விரும்புவோருக்கு லாங்ஃபெல்லோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 32 முதல் 34 வரை மூன்று பாடல்கள் படித்தால் போதும். நேரமில்லை என்றால் 34ஆம் பாடலின் முதல் 52 வரிகளை மட்டும் பாருங்கள். பனியும் சிறகும் காற்றும் அதற்குள்ளேயே வந்துவிடும்.