பெற்றோரின் பேச்சு இயல்பு குறித்த ஒரு திருத்தம்
குழந்தையிடம் பேசுவது பெற்றோரின் பிறவிக் குணம் என்றும், அதைப் பயிற்சியால் மாற்ற இயலாது என்றும் ஒரு கருத்து பகிரப்பட்டுள்ளது. நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டிருக்கலாம், ஆனால் சான்றுகள் வேறு விதமாக இருக்கின்றன.

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோருக்கு, குழந்தையின் 6, 10, 14ஆம் மாதங்களில், அவர்கள் வீட்டில் பதிவான உரையாடலையே கேட்கச் செய்து ஆலோசனை வழங்கினார்கள். ஆலோசனை பெறாத ஒப்பீட்டுக் குழுவினரின் வீடுகளிலும் அதேபோல ஒலிப்பதிவு நடந்ததால், பதிவுக் கருவி இருந்ததே மாற்றத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆலோசனை பெற்ற குடும்பங்களில் பெற்றோரும் குழந்தையும் மாறி மாறிக் குரல் கொடுப்பது அதிகரித்தது. 18ஆம் மாதத்தில் அக்குழந்தைகளின் சொல்வளமும் கூடுதலாக இருந்தது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக ஆய்விதழின் இணையதளத்தில் அந்த ஆண்டையும் பெற்றோர் பயிற்சி என்பதற்கான ஆங்கிலச் சொற்களையும் (parent coaching) இட்டுத் தேடினால், ஆய்வுச் சுருக்கத்தை எவரும் கட்டணமின்றிப் படித்துச் சரிபார்க்கலாம்.