வேலை குறையாது, கூடும்

சின்னக் குழந்தைகள் விளையாடிக் கற்பது பற்றிய உங்கள் கட்டுரையில், குழந்தையை அது போகிற வழியிலேயே விட்டுவிட்டால் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் 14 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள் நான். வேலை கூடத்தான் செய்யும்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் மையத்தில் அதிகம். ஒரு டிசம்பரில் நாலு வயதுப் பையன் ஒருவன் உதிர்ந்த காப்பிப் பழங்களைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு வந்தான். அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, "சிவப்பு அதிகமா கண்ணு, பச்சை அதிகமா?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு எண்ணத் தெரியாது. ஒரு சிவப்புக்கு எதிரே ஒரு பச்சை என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனான். கடைசியில் மூன்று சிவப்பு மிஞ்சியது. "செவப்புதான் டீச்சர்!" என்று கத்தினான். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, கணக்கின் முதல் படி. நான் செய்தது ஒரே ஒரு கேள்வி. ஆனால் அதைக் கேட்க அவன் பையை நான் கவனித்திருக்க வேண்டும்.

குழந்தைகளின் விளையாட்டில் பெரியவர் வழிகாட்டுவது பற்றிய 39 ஆய்வுகளை 2022-ல் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள். பெரியவர் லேசாக வழிகாட்டும் விளையாட்டில், நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதைவிடத் தொடக்கக் கணக்கும் வடிவங்களும் நன்றாக வருகின்றன. எல்லாத் திறன்களிலும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே சேலத்தில் என் பேத்திக்கு எல்.கே.ஜி.யிலேயே தினம் இரண்டு பக்கம் எழுத்து வேலை. விரல் வலிக்கிறது என்று அழுகிறாள். அப்புறம் ஒன்று: ஒருத்தியே 25 பிள்ளைகளைப் பார்க்கும்போது எத்தனை பேரின் பைகளைக் கவனிக்க முடியும்? அடுத்து அதைப் பற்றி எழுதுங்கள்.