ராலியா என்று கேட்காதீர்கள்

பரணிலிருந்தோ பழைய இரும்புக் கடையிலிருந்தோ ஒரு சைக்கிள் ஃப்ரேம் கைக்கு வந்ததும் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி "இது ராலியா?" என்பதுதான். அந்தப் பழைய இங்கிலாந்து சைக்கிள் கம்பெனி ராலி இல்லையென்றால், அதே ஊர்க் கம்பெனிகளான ஹம்பராவது, பிஎஸ்ஏவாவது இருக்க வேண்டும். எதுவும் இல்லை, பெயர் தெரியாத ஃப்ரேம் என்றால் ஆர்வம் அத்தோடு வடிந்துவிடும். அப்புறம் அதற்குத் தங்க நிற ஸ்பிரே அடித்து, நடுவில் பூந்தொட்டியைத் தொங்கவிட்டு, சீரியல் பல்பு சுற்றி, ஏதாவது ஒரு காபிக் கடை வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஓடக்கூடிய வண்டியை இப்படி ஆணி அடித்த மாதிரி நிறுத்திவைப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பெயர் இல்லாததால் ஒரு ஃப்ரேம் மட்டமாகிவிடாது. என்ன அளவு, எந்த மரை, எங்கே துரு, அதைப் பாருங்கள்.

பெயர் இல்லாமல் போனதற்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்தில் பிஎஸ்ஏ முழு வண்டியை மட்டும் விற்கவில்லை. லக் (ஃப்ரேம் குழாய்களை மூட்டுகிற இணைப்பு), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழல்கிற கீழ்க்கூடு), கிராங்க் (பெடலைத் தாங்குகிற கை) என்று உதிரிகளையும் விற்றது, ஊர் ஊருக்கு இருந்த சின்னக் கடைக்காரர்கள் அவற்றை வாங்கி ஃப்ரேம் கட்டித் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். அதனால் பிஎஸ்ஏவின் மூன்று துப்பாக்கிச் சின்னம் எங்கேயோ ஒரு பாகத்தில் தெரிந்ததும் பிஎஸ்ஏ கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். நம் பக்கம் லூதியானாவிலும் இதே கதைதான். ஹீரோ 1956இல் அங்கே சைக்கிள் செய்யத் தொடங்கியது, ஏவானும் அந்த ஊர்தான், அவற்றைச் சுற்றி ஃப்ரேமைத் தனியாக, ஃபோர்க்கைத் தனியாக, மட்காடைத் தனியாகச் செய்கிற பட்டறைகள். அங்கிருந்து வந்த சாமான்களை உள்ளூர்க் கடையில் பூட்டிக் கொடுத்த அசெம்பிள் வண்டிகள் எத்தனையோ ஓடின. அவற்றுக்குக் கம்பெனி என்று ஒன்று முதலிலிருந்தே கிடையாது, இருந்த ஸ்டிக்கரும் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் போயிருக்கும். அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ்கூட இரண்டு முறை ஓவராயில் பண்ணிப் பெயின்ட் அடித்தால் பெயரில்லாத வண்டிதான்.

போன வருடம் எடைக்குப் போட்டு வாங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே பச்சை, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் கறுப்பு. பிளேடு வைத்து மெதுவாக எடுத்தபோது கறுப்பின் மேல் கையால் இழுத்த மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது. முன்னால் ஹேண்டில் பார் இறங்கும் குழாயில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு துளை, அங்கே தகட்டு பேட்ஜ் இருந்திருக்கிறது. பாட்டம் பிராக்கெட்டின் அடியில் கல்லாக இறுகிக் கிடந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் கோணல்மாணலாக ஒரு நம்பர். நம்பர் கிடைத்ததே என்று ஆசைப்பட முடியாது, ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது, கம்பெனி தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் கிரைண்டரை எடுக்கும் முன் இதையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய பஞ்சாயத்து சைக்கிள் வரி வில்லை ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் பிடுங்காதீர்கள்.

உண்மையில் பேசுவது பாட்டம் பிராக்கெட்டின் உள்ளே இருக்கிற மரைதான். பிரிட்டிஷ் அளவு என்றால் 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை. ராலி தன் வண்டிகளில் நெடுங்காலம் 26 மரை போட்டது. ராலியா ராலியா என்று கேட்பவர்கள் ஸ்டிக்கரைத் தேடுவதை விட்டு மரையை அளக்கிற ஒரு கேஜை வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று, பிரிட்டிஷ் அளவில் பாட்டம் பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் திருகுகிற கப்புகளில் செயின் பக்கக் கப் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாகத் திருகினால்தான் கழலும். அது தெரியாமல் பைப் ரெஞ்ச் போட்டு எதிர்ப்பக்கம் திருகி மரையையே வழித்துவிட்டு 'துரு பிடிச்சிருக்குங்க' என்று சொல்கிறவர்கள் நிறைய. அடுத்து சீட் கம்பி. வெளிவிட்டம் 28.6 மி.மீ. உள்ள சீட் குழாயில் 25.4 கம்பி சரியாக இறங்கினால் குழாய்ச் சுவர் ஒன்றரை மி.மீ. தடிமன், மூட்டை ஏற்றுகிற சாதா வண்டி. 27.2 இறங்கினால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், அது 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 மாதிரி மெல்லிய உயர்ரகக் குழாயாக இருக்கலாம்.

என்னுடையதில் 25.4தான். சரி, அதனால் என்ன? நாற்பது கிலோ அரிசியைப் பின்னால் வைத்தாலும் சிணுங்காத ஃப்ரேம் அது. இதற்குப் புது ராலி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி 'விண்டேஜ்' என்று பல ஆயிரத்துக்கு விற்கிற வேலை இப்போது நன்றாக நடக்கிறது. அதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். பேட்ஜ் துளை இரண்டையும் அப்படியே விடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஓட்டுவதற்குத் தயார் செய்யும் முன் லக்குகளில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தெருமுனையில் கேட் செய்கிறவரிடம் ஆர்க் வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். லக் மூட்டு பித்தளை விட்டுப் பற்றவைத்தது, அந்தப் பித்தளை மேல் ஆர்க் அடித்தால் வெல்டிங்கே விரிசல் விட்டுவிடும். பித்தளைக் கம்பி வைத்து கேஸில் பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

பிறகு பிரேக். கம்பி பிரேக் (கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கிற பிரேக்) வண்டிகளில் பின்பக்கம் கேலிப்பர், அதாவது ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற கேபிள் பிரேக், மாட்டத் துளையே பெரும்பாலும் இருக்காது. ஃப்ரேமைத் துளைக்காமல் முடிக்க நல்ல வழி, பின்னால் மிதித்தால் பிடிக்கிற கோஸ்டர் ஹப். அதன் அகலம் 110 மி.மீ. சுமார், பழைய ஃப்ரேமுக்குள் ஏறக்குறைய இழுக்காமலே உட்காரும். சிக்கல் ஸ்போக்ஸில் வருகிறது. நம் வண்டிகளில் முன் ரிம்முக்கு 32, பின் ரிம்முக்கு 40 துளை, கோஸ்டர் ஹப்புக்கு வழக்கமாக 36. அதனால் பின்னால் 36 துளை உள்ள, 700சி என்கிற இந்தக்கால அளவு ரிம் போட்டேன். முன்னால் பழைய 28 இன்ச் ரிம்மும் கம்பி பிரேக்கும் அப்படியே, அதற்கான டயர் இன்னும் சாதாரணக் கடையில் கிடைக்கிறது. இரண்டு சக்கரமும் வேறு வேறு அளவா என்று கேட்காத ஆள் இல்லை. ஆரத்தில் 6.5 மி.மீ.தான் வித்தியாசம், டயர் தடிமனில் அதுவும் பாதி சரியாகிவிடுகிறது. கேட்கிறவர்களிடம் ஓட்டிப் பாருங்கள் என்று வண்டியைக் கொடுத்துவிடுகிறேன்.