ஒற்றுமை என்றால் சண்டை போடாமல் இருப்பது

என் அண்ணன் மகனுக்கு ஐந்து வயது. பெரம்பூரில் இருக்கிறார்கள். யுகேஜி சேர்க்கப் போன பள்ளியில் 'பையன் கொஞ்சம் மெதுவா இருக்கான், ஐக்யூ டெஸ்ட் எடுத்துட்டு வாங்க' என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தார்கள். 82 என்று வந்தது. அன்று ராத்திரி அண்ணி போன் பண்ணி அழுதார்.

நான் பத்து வருடமாக மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர். இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதைத்தான் வரி வரியாக உட்கார்ந்து படித்தேன். தேர்வு அமெரிக்காவில் தயாரானது. ஒப்பிட்டிருப்பதும் அமெரிக்கக் குழந்தைகளோடு. கேள்விகளை மட்டும் தேர்வு நடந்த இடத்திலேயே தமிழாக்கிக் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணி பக்கத்தில் இருந்ததால் ஒரு கேள்வி தெரிய வந்தது. (பழங்களை மாற்றிச் சொல்கிறேன். தேர்வுக் கேள்விகளைப் பொதுவில் போடக் கூடாது.) "வாழைப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் உள்ள ஒற்றுமை என்ன?" பிள்ளை யோசித்துவிட்டு, "சண்டை போடக் கூடாது" என்றிருக்கிறான். பூஜ்யம். அவனுக்கு எல்கேஜியில் சொல்லிக் கொடுத்த ஒற்றுமை அதுதான். வீட்டில் நான் "ரெண்டும் எதுல ஒரே மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். "ரெண்டும் பழம் அத்தை. மாம்பழத்துல கொட்டை பெருசு" என்றான், கேட்ட கையோடு.

சரி, தேர்வு எடுப்பவரே அப்படி எளிதாகக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் கேட்டால் இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது? எல்லாரிடமும் ஒரே சொற்களில், ஒரே முறையில் கேட்பதுதான் தரப்படுத்துதலின் முதல் படி. அந்தச் சொற்களை நம் குழந்தைகளிடம் முன்னாலேயே கேட்டுப் பார்த்து, புரிகிறதா என்று சோதித்து முடிவு செய்திருக்க வேண்டும். அப்புறம் நகரம், கிராமம், ஆண், பெண், பெற்றோர் படிப்பு என்று எல்லாத் தரப்பிலிருந்தும் பிள்ளைகளை எடுத்து, வயதுவாரியாகச் சராசரி காண வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு வருடக் கணக்கு போதாது, மாதக் கணக்கு வேண்டும். நாலே கால் வயதுக்கும் நாலே முக்கால் வயதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

100 என்பது அந்தக் கூட்டத்தின் சராசரி, அவ்வளவுதான். கூட்டம் மாறினால் எண்ணின் அர்த்தமும் மாறிவிடும். அந்த எண்ணும் ஒரு புள்ளி இல்லை, வீச்சு. அளவீட்டுப் பிழை 3 என்றால், இரு பக்கமும் அதன் இரண்டு மடங்கு விட்டுப் பார்க்க வேண்டும்; 82 என்பது சுமாராக 76 முதல் 88 வரை எங்கும் இருக்கலாம். இந்த ரிப்போர்ட்டில் வீச்சே போடவில்லை.

நம் நாட்டில் யாரும் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1930களிலேயே தார்வாரில் வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்து, பிரெஞ்சு உளவியலாளர் பினே உருவாக்கிய அறிவுத்திறன் தேர்வை மாற்றி அமைத்தார். அவருடைய உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த பினே-காமத் தேர்வு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சராசரி பழசாகப் பழசாக, அதோடு ஒப்பிடும் இன்றைய பிள்ளைகளின் மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி கூடியதைக் கண்டிருக்கிறார்கள். இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தை, அறிவுசார் குறைபாட்டுக்கு எல்லையாக வைத்திருக்கும் 70-க்கு மேல் வாங்கி, சான்றிதழ் இல்லை, சலுகை இல்லை என்று திரும்பிப் போகும். அப்படித் திரும்பி வந்த ஒரு அம்மா என் வகுப்பு வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1905-ல் பாரீசில் பினே இதைத் தொடங்கியதே கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான். நாம் அதை அட்மிஷன் கேட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் உளவியல் துறைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகளை வைத்து, நம் பேச்சில் ஒரு தேர்வைத் தரப்படுத்தி, பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க முடியாதா? முடியும். கேட்க ஆள் வேண்டும்.

அதுவரை, கையில் ரிப்போர்ட் வைத்திருக்கும் பெற்றோர்களே, கேளுங்கள்: எந்தத் தேர்வு, எந்த மொழியில் கேட்டீர்கள், எந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டீர்கள், எந்த வருடத்துச் சராசரி, வீச்சு எவ்வளவு? அண்ணி இதையெல்லாம் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறோம். நானும் லீவ் போட்டிருக்கிறேன்.