146 பேர் இறந்ததால் சட்டம் வந்துவிடவில்லை

மார்ச் மாதம் பிறந்தால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் முகநூலில் சுற்றத் தொடங்கிவிடும். நியூயார்க் நகரத்து நடைபாதையில் கிடக்கும் உடல்கள், அருகில் அண்ணாந்து மேலே பார்த்தபடி நிற்கும் போலீஸ்காரர்கள். கீழே எழுதும் கதையும் ஆண்டுதோறும் ஒன்றே: தையல் தொழிற்சாலை எரிந்தது, ஏழைப் பெண்கள் மாண்டார்கள், அமெரிக்காவின் மனசாட்சி விழித்தது, தொழிலாளர் சட்டங்கள் வந்தன. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், சர்வதேச மகளிர் தினமே அந்தத் தீயின் நினைவாகத்தான் ஏற்பட்டது என்கிறார்கள். ஐரோப்பாவில் முதல் சர்வதேச மகளிர் தினம் கொண்டாடப்பட்டது 1911 மார்ச் 19 அன்று. ட்ரையாங்கிள் என்ற அந்தத் தையல் தொழிற்சாலை எரிந்தது அதே ஆண்டு மார்ச் 25 அன்று.

தேதிப் பிழையை மன்னித்துவிடலாம். எனக்கு உறுத்துவது அந்த "மனசாட்சி விழித்தது" என்ற வாக்கியம். பிணங்களைப் பார்த்தே விழித்துக்கொள்ளும் மனசாட்சி அந்த நாட்டுக்கு இருந்திருந்தால், அது அதற்கு முன்பே பலமுறை விழித்திருக்க வேண்டும். 1907 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் மோனங்காவில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து, அதிகாரபூர்வக் கணக்கின்படியே 362 பேர் செத்தார்கள். ட்ரையாங்கிளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். என்ன நடந்தது? 1910இல் மத்திய அரசு சுரங்கங்களுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அது ஆராய்ச்சி செய்யலாம், அறிக்கை வெளியிடலாம். சுரங்கத்துக்குள் நுழைந்து சோதனை போடும் அதிகாரம் 1941 வரை அதற்குக் கிடையாது. ட்ரையாங்கிள் தீக்கு நான்கு மாதம் முன்பு, ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெவார்க் நகரில் ஒரு தொழிற்சாலை எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். நியூயார்க்கிலும் இது நடக்கும் என்று அந்நகரத் தீயணைப்புத் தலைவர் எட்வர்ட் க்ரோக்கர் அப்போதே எச்சரித்தார். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

அப்படியானால் 1911இல் மட்டும் என்ன வேறுபாடு?

முதலில் அந்தச் சனிக்கிழமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகில் பத்து மாடி ஆஷ் கட்டடம். அதன் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற இரு கூட்டாளிகளின் தொழிற்சாலை. பெண்கள் அணியும் பொத்தான் வைத்த மேல்சட்டை அங்கே தைக்கப்பட்டது. வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 500 பேர்; பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள். மாலை நாலே முக்கால் மணிக்குச் சற்று முன்பு, எட்டாம் மாடியில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் குவிந்திருந்த வெட்டுத்துணிகளில் தீப்பிடித்தது. பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போனது; அங்கிருந்த முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வெளியே தொங்கிய இரும்பு அவசரப் படி, கூட்டத்தின் பாரம் தாங்காமல் கழன்று விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 123 பெண்கள், 23 ஆண்கள். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. "தீப்பிடிக்காத கட்டடம்" என்று விளம்பரம் செய்யப்பட்ட கட்டடம்தான். இன்றும் நிற்கிறது, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளோடு.

கதவு ஏன் பூட்டியிருந்தது என்பதை விசாரணை வெளிக்கொண்டு வந்தது. பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போகாதபடி, எல்லோரையும் ஒரே வாசல் வழியாக அனுப்பிக் கைப்பையைச் சோதிப்பது அங்கே வழக்கம். நீதிமன்றத்தில் ஹாரிஸிடம், இதுவரை திருடுபோனது மொத்தம் எவ்வளவு பெறும் என்று கேட்டார்கள். 25 டாலரைத் தாண்டாது என்று ஒப்புக்கொண்டார். இருந்தும் அந்த டிசம்பரில் இருவரும் விடுதலை ஆனார்கள். அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமற நிரூபிக்கப்பட வேண்டும் என்று நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கியிருந்தார். 1914இல் இழப்பீடு கேட்ட உரிமையியல் வழக்குகள் முடிந்தபோது இறந்த ஒருவருக்குக் கிடைத்த தொகை 75 டாலர். காப்பீட்டு நிறுவனம் முதலாளிகளுக்குக் கொடுத்ததோ, உண்மையான இழப்பைவிட ஏறத்தாழ 60,000 டாலர் கூடுதல்.

தீக்கு ஒரு நாள் முன்பு, 1911 மார்ச் 24 அன்று, நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு, முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்ற புதிய சட்டத்தை அது செல்லாது என்று அறிவித்தது. தவறே செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது சொத்துரிமையைப் பறிப்பதாம்! இந்தத் தற்செயலை ஒரு நாவலில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1905இல், ரொட்டிக்கடைத் தொழிலாளி நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதேபோலத் தள்ளியிருந்தது. ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம் போய்விடும் என்பது காரணம். நாளுக்குப் பதினாறு மணி நேரம் மாவு பிசைய ஒப்புக்கொள்ளும் சுதந்திரம்.

ஆக மனசாட்சி ஒருபுறம் இருக்கட்டும். சட்டமும் நீதிமன்றமும் முதலாளியின் பக்கம் உறுதியாக நின்ற காலம் அது. அந்தச் சுவரில் விரிசல் விழுந்தது தீயினால் என்று நான் நம்பவில்லை. தீக்கு 16 மாதம் முன்பே விழத் தொடங்கியிருந்தது.

1909 நவம்பர் 22. கூப்பர் யூனியன் மண்டபத்தில் தையல் தொழிலாளர் கூட்டம். சாமுவேல் காம்பர்ஸ் உள்ளிட்ட தலைவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். எல்லோரும் நிதானம் போதித்தார்கள். 23 வயது கிளாரா லெம்லிச் எழுந்து மேடைக்குப் போய், பேச்சுக் கேட்டுச் சலித்துவிட்டது, பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் சொன்னார். இருபதாயிரம் பேருக்கும் மேல் வெளியே வந்துவிட்டார்கள், பெரும்பாலும் பெண்கள். பனியில் மறியல் செய்தவர்களை அடியாட்கள் அடித்தார்கள். போலீஸ் அடிபட்டவர்களைக் கைது செய்தது. 700க்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். நீங்கள் கடவுளுக்கும் இயற்கைக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்கிறீர்கள் என்று ஒரு நீதிபதி அவர்களுக்குப் புத்தி சொன்னார். கோடீஸ்வரர் ஜே. பி. மார்கனின் மகள் ஆன் மார்கன் போன்ற பணக்காரப் பெண்கள்கூட அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். பல சிறிய கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. ட்ரையாங்கிள் கூலியைக் கொஞ்சம் உயர்த்தியது. சங்கத்தை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை.

மோனங்காவுக்கும் ட்ரையாங்கிளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 1911இல் ஒன்பதாம் மாடியிலிருந்து குதித்தவர்கள் நகரத்துக்கு முகம் தெரியாதவர்கள் அல்லர். முந்தைய குளிர்காலத்தில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தவர்கள். அவர்கள் அடிபட்டதை நகரம் பார்த்திருந்தது. தீக்குப் பிறகு ஏப்ரல் 2 அன்று மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் கனவான்கள் கூடி இரங்கியபோது, தொப்பி தைக்கும் தொழிலிலிருந்து வந்த ரோஸ் ஷ்னைடர்மன் எழுந்து, இங்கே வந்து நல்லுறவு பேசினால் எரிந்துபோன அந்த உடல்களுக்குத் துரோகம் செய்தவளாவேன் என்றார். இரங்கல் கூட்டத்தில் அப்படிப் பேச வேண்டுமென்றால், பின்னால் ஒரு சங்கம் நிற்க வேண்டும்.

இனி மறுபக்கம். மாநில ஆட்சி அப்போது டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் கையில். வேலை வாங்கித் தருவது, குளிருக்கு நிலக்கரி, சாவுக்குச் செலவு, பதிலுக்கு வாக்கு. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1909 வேலைநிறுத்தத்தில் பெண்களைக் கைது செய்த போலீஸும் தண்டித்த நீதிபதிகளும் இந்த அமைப்பின் நிழலில் இருந்தவர்கள்தாம். அதே டாமனியின் சட்டமன்றத் தலைவர்களான ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும் 1911 கோடையில், தீக்குப் பிறகு மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவின் தலைவராகவும் துணைத் தலைவராகவும் அமர்ந்தார்கள். மூன்று மாதத்தில் இவர்களுக்கு ஞானோதயம் வந்துவிட்டதா?

பெண்களுக்கு அப்போது நியூயார்க்கில் வாக்குரிமை இல்லை, 1917இல்தான் வந்தது. ஆனால் அவர்களுடைய அப்பாக்களுக்கும் அண்ணன்களுக்கும் இருந்தது. கீழ்க் கிழக்குப் பகுதியின் யூத, இத்தாலியக் குடும்பங்கள் டாமனிக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் அல்லர். சோஷலிஸ்டுகள் அங்கே வேகமாக வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1912 அதிபர் தேர்தலில் சோஷலிஸ்டு வேட்பாளர் யூஜின் டெப்ஸ் நாடு முழுவதும் ஒன்பது லட்சம் வாக்கு வாங்கினார். 1914இல் அதே பகுதியிலிருந்து மேயர் லண்டன் என்ற பெயர்கொண்ட ஒரு சோஷலிஸ்டு நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். டாமனித் தலைவர் சார்லஸ் மர்பிக்குக் கணக்குத் தெரியும்.

இது என் ஊகம் அன்று. தீ நடந்த அன்று பக்கத்தில் தேநீர் விருந்திலிருந்து ஓடிவந்து, பெண்கள் குதிப்பதை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண், தொழிலாளர் நலனுக்காக வாதாடியவர், பிற்காலத்தில் ஒரு சந்திப்பை நினைவுகூர்ந்தார். புதிய மசோதா ஒன்றுக்கு ஆதரவு கேட்டு மர்பியிடம் போனார். பெண்களின் வேலை நேரத்தை வாரம் 54 மணியாகக் குறைத்த அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பெண் நீங்கள்தானே என்று கேட்ட மர்பி, நான் அதை எதிர்த்தேன், ஆனால் அது எங்களுக்கு நிறைய வாக்கு கொண்டுவந்தது, இதற்கும் உதவச் சொல்கிறேன் என்றாராம். அந்தக் காலத்து அரசியலைப் பற்றி இவ்வளவு நேர்மையான ஒரு பேச்சை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதற்காக எல்லோரும் கணக்குப் போட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்த ஆள் "பெரிய" டிம் சல்லிவன். பாவரி பகுதியின் தாதா. சாராயக்கடை, சூதாட்டம், லஞ்சம் என்று அவர் மேல் சொல்லப்படாத புகார் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஏழைகளுக்குச் சாப்பாடும் காலணியும் தருபவர். பெண்களின் வேலை நேரத்தை வாரம் 54 மணியாகக் குறைக்கும் மசோதா 1912இல் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் செனட்டில் இழுபறியில் இருந்தபோது, அவர் அங்கிருந்து நியூயார்க் நகரம் போகும் கப்பலில் ஏறிவிட்டிருந்தார். பெர்கின்ஸ் தகவல் அனுப்பியதும் இறங்கி, மேடேறி மூச்சிரைக்க வந்து வாக்களித்தார். என் தங்கையும் சின்ன வயதில் வேலைக்குப் போனவள், இந்தப் பெண்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். சட்டத்தை நிறைவேற்றிய கடைசி வாக்குகளில் ஒன்று ஒரு தாதாவுடையது என்பதை முகநூல் பதிவுகள் ஏன் விட்டுவிடுகின்றன என்று தெரியவில்லை.

விசாரணைக் குழு செய்த வேலையையும் குறைத்துப் பேச முடியாது. முதல் ஆண்டிலேயே 1,800க்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களைச் சோதித்தார்கள். பெர்கின்ஸ் இந்த அரசியல்வாதிகளை அறிக்கை படிக்க வைக்கவில்லை, அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார். பத்து மணி நேர இரவு வேலை முடிந்து கயிற்றாலையிலிருந்து வெளியே வரும் பெண்களை ஸ்மித் பார்த்தார். "அவசர வழி" என்று பலகை மாட்டியிருந்த சுவர் ஓட்டைக்குள் வாக்னர் தவழ்ந்து நுழைந்தார். அந்தப் பக்கம் பனி உறைந்த இரும்பு ஏணி, அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன: வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது, தீப் பயிற்சி நடத்த வேண்டும், உயரமான கட்டடங்களில் தானியங்கி நீர்த்தெளிப்பான் வேண்டும். இழப்பீட்டுச் சட்டத்துக்காக மாநில அரசியல் சாசனத்தையே 1913இல் திருத்தினார்கள். அதே ஆண்டு பிளாங்க் தன் இன்னொரு தொழிற்சாலையில் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

சரி, வாக்குக் கணக்கில் வந்த சட்டம் என்றால் என்ன குறை? யார் வாக்கு கணக்கில் வரவில்லையோ அவர்கள் சட்டத்தில் வரமாட்டார்கள் என்பதுதான் குறை. அந்த 54 மணி நேரச் சட்டமே காய்கனி பதப்படுத்தும் ஆலைகளுக்கு விலக்கு அளித்த பிறகுதான் நிறைவேறியது. அந்த ஆலை முதலாளிகளின் செல்வாக்கு அப்படி. விலக்கைப் போட்டால் பெர்கின்ஸ் மறுத்துவிடுவார், மசோதா தானாகச் செத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டு மசோதாவைக் காப்பாற்றினார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டே அந்த விலக்கும் நீக்கப்பட்டது.

ஆனால் அந்தப் பழக்கம் அவரோடு வாஷிங்டனுக்கும் போனது. 1933இல் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் அமைச்சராகி, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணானார் பெர்கின்ஸ். 1935இல் வாக்னர் பெயரில் சங்க உரிமைச் சட்டம். 1938இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். இரண்டிலும் பண்ணைத் தொழிலாளருக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடமில்லை. தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் மிகப் பலர் கறுப்பின மக்கள்; அங்கே அவர்களை வாக்குச்சாவடிப் பக்கமே விடவில்லை. அவர்களுடைய முதலாளிகளின் பிரதிநிதிகள் இல்லாமல் நாடாளுமன்றத்தில் எதுவும் நிறைவேறாது. காய்கனி ஆலைகளுக்கான விலக்கு ஓராண்டில் போனது. குறைந்தபட்ச ஊதியத்திலாவது இந்த விலக்கு நீங்க, கறுப்பினத்தார் வாக்குரிமைக்காகத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது: 1965இல் வாக்குரிமைச் சட்டம், 1966இல் பெரிய பண்ணைகளில் மட்டும் குறைந்தபட்ச ஊதியம், 1974இல் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு. பண்ணைத் தொழிலாளிக்கு மிகைநேர ஊதியம் மத்திய சட்டத்தில் இன்றும் கிடையாது.