தொண்டர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டது குற்றமா?

முந்தாநாள் நம் ஊர்வலத்தின் கடைசி அரை மணி நேரத்தில் கல் பறந்தது, கண்ணாடி உடைந்தது, கைது நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வீடியோவை நானும் ஒருமுறை பகிர வேண்டியதில்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டிய தொண்டர்களைப் பற்றி நான் கேட்டது ஒரே கேள்வி: "கல் பறந்தபோது தொண்டர்கள் எங்கே?" அதற்குக் கோழை, சமரசவாதி, போலீஸ் ஆள் என்று வரிசையாகப் பட்டம் கிடைத்தது. தெரியாதவர்கள் சொன்னால் கடந்து போயிருப்பேன். பக்கத்தில் நின்று கோஷம் போட்டவர்களே எழுதியிருக்கிறார்கள். வலிக்கிறது. ஆனாலும் கேள்வியை வாபஸ் வாங்க மாட்டேன்.

வன்முறை இல்லாமல் போராடுவது சாதுவானவர்களின் குணம் இல்லை. பயிற்சி எடுத்தால்தான் வரும். "அமைதி காக்கவும்" என்று மைக்கில் நாலு தடவை சொன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் அமைதியாகிவிட மாட்டார்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1959-ல் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய ஜேம்ஸ் லாசன் மாணவர்களைத் தேவாலயத்தில் கூட்டி ஒத்திகை நடத்தினார். சிலர் வெள்ளை இனவெறியர்களாக நடிப்பார்கள். நாற்காலியில் இருப்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், தள்ளிவிடுவார்கள். விழுந்தால் தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் ஒருவர் அடி வாங்கினால் எப்படிக் குறுக்கே போய் அடியைப் பங்கிடுவது என்பதெல்லாம் உடம்புக்குப் பழக வேண்டும். 1960 பிப்ரவரி 13-ல், வெள்ளையர்களுக்கு மட்டுமே பரிமாறிய உணவகக் கவுண்டர்களில் அந்த மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த விதித்தாளில் இருந்தது இதுதான்: திருப்பி அடிக்காதே, திட்டாதே, கடை வாசலை மறிக்காதே, பொறுப்பாளர் சொல்லாமல் இருக்கையைவிட்டு எழாதே, நேராக உட்கார்ந்து கவுண்டரைப் பார். பிப்ரவரி 27-ல் கும்பல் வந்து அடித்தது. போலீஸ் உட்கார்ந்திருந்தவர்களை இழுத்துப்போனதும் அடுத்த அணி வந்து அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. மே 10-ல் அந்தக் கவுண்டர்களில் கறுப்பினத்தவர்களுக்கு உணவு பரிமாறினார்கள்.

நாம் என்ன செய்தோம்? போஸ்டர் அடித்தோம், வண்டி பிடித்தோம், பேச்சாளர் பட்டியல் போட்டோம். பயிற்சி வைத்தோமா? இல்லை.

ஊர்வலம் கெடுவது பெரும்பாலும் வாலில்தான். முன்வரிசை வேகமாக நடந்தால் பின்பகுதி அறுந்துபோகும். நடுவில் விழும் இடைவெளியில் போலீஸ் புகும், அல்லது பத்துப் பேர் தனியாகப் பிரிந்து அவர்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள். அதனால் முன்வரிசை அவ்வப்போது நின்று வாலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது பேருக்கு ஒரு தொண்டராவது வேண்டும். கையில் பட்டை, முகம் கூட்டத்தைப் பார்த்து. போலீஸோடு பேச ஒரே ஒருவர். யாராவது கல்லை எடுத்தால் நாலைந்து தொண்டர்கள் கைகோத்து அவனைச் சூழ்ந்து, அடிக்காமல், பேசிக்கொண்டே ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். மற்றவர்களை உட்காரவைக்க வேண்டும். நிற்கிற கூட்டத்தில் எறிபவன் ஒளிந்துகொள்வான். உட்கார்ந்த கூட்டத்தில் தனியாகத் தெரிவான். இதிலும் ஒரு கவனம் வேண்டும். பின்னாலிருந்து நெருக்கும்போது முன்வரிசையை உட்காரச் சொன்னால் மிதிபடுவார்கள். பின்னாலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முந்தாநாள் மேடை வண்டிதான் முதலில் கிளம்பியது. மைக் அதோடு போனது, கைப்பட்டை கட்டியவர்களில் பாதிப் பேரும் அதிலேயே ஏறிப்போனார்கள். முடிந்தது, கலைந்து போங்கள் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. மீதி நடந்தது அதற்குப் பிறகு.

"போலீஸே ஆளை அனுப்பி எறியவைத்திருக்கும்" என்கிறீர்கள். இருக்கலாம். அமெரிக்காவில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 1956 முதல் 1971 வரை இயக்கங்களுக்குள் ஆள் நுழைத்துக் குலைக்கும் திட்டத்தையே நடத்தியது. அப்படியானால் தொண்டர்கள் இன்னும் அதிகமாக வேண்டும் என்றுதானே அர்த்தம்?

"அரசு அடிக்கும்போது நமக்கு மட்டும் உபதேசமா?" அரசு அடிப்பதை நான் எங்கே மறுத்தேன்? மறுநாள் செய்தியில் உடைந்த கண்ணாடி இருந்தது, நம் கோரிக்கை இல்லை. நான் சொல்வது அதை.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை: அடி வாங்குகிறவனிடமே பொறுமையைக் கேட்பது அநியாயம் என்பது. உண்மை, அநியாயம்தான். வெளியில் நின்று அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 1927 மார்ச் 20-ல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் தலைமையில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த சவதார் குளத்தில் தண்ணீர் குடித்தவர்களை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கே ஆதிக்கச் சாதியினர் அவர்களைத் தாக்கினார்கள். திருப்பி அடிக்கத் தெம்பு இல்லாதவர்களா? ராணுவத்தில் இருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அம்பேத்கர்தான் தடுத்து நிறுத்தினார். 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் குளத்து உரிமையை உறுதி செய்தது. அவரையும் கோழைப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

போராட்டத்தையே நிறுத்தச் சொல்கிறேன் என்று திரிக்காதீர்கள். 1922-ல் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து 22 போலீஸ்காரர்கள் செத்தபோது காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். அது சரியா என்பதில் இன்றும் சண்டை உண்டு. நான் பார்ப்பது அடுத்து அவர் செய்ததை. 1930 மார்ச் 12-ல் தண்டிக்குப் புறப்பட்டபோது ஆசிரம ஒழுங்கில் பழகிய 78 பேரைத்தான் கூட்டிக்கொண்டு நடந்தார்.

இதையெல்லாம் எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. போன தடவை கைக்குழந்தையோடு வந்த பெண்கள் அடுத்த தடவை வருவார்களா? ஊன்றுகோலோடு வந்த பெரியவர்கள்? ஓடத் தெரிந்தவர்கள் மட்டும் வருகிற கூட்டமாக நாம் சுருங்கிக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கைதான் நம்மிடம் இருந்த ஒரே பலம்.

கைதானவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லைத் தொடாதவர்கள். "தெறிக்கவிட்டாய் தம்பி" என்று கமெண்ட் போட்ட ஒருவரையும் நேற்று நீதிமன்ற வாசலில் காணோம். ஜாமீன் கையெழுத்துக்கு இன்னும் ஆள் போதவில்லை. என்னைத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள், நாளைக் காலையில் வந்து ஒரு கையெழுத்தும் போடுங்கள். அடுத்த தேதி குறிக்கும் கூட்டத்தில் பேச்சாளர் பட்டியலுக்கு முன்னால் தொண்டர் பட்டியலை எடுக்கச் சொல்லி நான் மறுபடியும் கேட்பேன்.