முழங்கால் எக்ஸ்ரேயில் பீர் தெரியுமா?

ஒருவரின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து, அவர் பீர் குடிப்பவரா, மசித்த பீன்ஸ் சாப்பிடுபவரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் ஏஐ அதை ஓரளவு சொல்லிவிட்டது. மூட்டுத் தேய்மான ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் திரட்டிய 25,000-க்கும் மேற்பட்ட எக்ஸ்ரேக்களைக் கொடுத்தார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னது. எலும்பில் பீரா படிந்திருக்கும்? எந்த மையத்தில் எடுத்த படம், எந்தக் கருவி, ஆணா பெண்ணா என்று மோப்பம் பிடித்துக் குறுக்கு வழியில் போயிருக்கிறது. இந்தக் குறுக்குப் புத்தியைக் காட்டத்தான் வேண்டுமென்றே அந்தச் சோதனையை வைத்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். இடுப்பு எலும்பு முறிவில் சிரிக்க முடியாது. 2019-ல் வந்த ஆய்வு ஒன்றில், முறிவை நன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஏஐக்கு, நோயாளி, கருவி, மருத்துவமனை நடைமுறை சார்ந்த வித்தியாசங்களைச் சமன்செய்த படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பூவா தலையா போட்டுப் பார்க்கிற அளவுக்கு இறங்கிவிட்டது.

அதனால் ‘ஏஐக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதத் துல்லியம்’ என்று யாராவது செய்தி பகிர்ந்தால், எது சரியான விடை என்று அதற்கு விடைக்குறிப்பு எழுதியது யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

முழங்கால் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் அந்த விடைக்குறிப்பு 1957-ல் வந்த கெல்கிரன்-லாரன்ஸ் அளவுகோல். எலும்பு முள் வளர்ந்திருக்கிறதா, மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண். ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு எண் போடுவதும் உண்டு. வலியோடும் அது சரியாகப் பொருந்தாது: 3 வாங்கியவர் சாதாரணமாக நடப்பார், 1 வாங்கியவர் படியேற முடியாமல் தவிப்பார். இந்த எண்ணையே கற்றுக்கொடுத்தால் ஏஐ வேகமாக எண் போடும். நேரம் மிச்சம், சரி. ஆராய்ச்சிக்குப் புதிதாக என்ன கிடைத்தது?

2021-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். மருத்துவர் போட்ட எண்ணை விட்டுவிட்டு, நோயாளி சொன்ன வலியையே விடையாக வைத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகள் வெள்ளையரைவிடக் கூடுதல் முழங்கால் வலி சொல்கிறார்கள். அந்த வித்தியாசத்தில் பழைய அளவுகோலால் விளக்க முடிந்தது 9 சதவீதம். ஏஐ 43 சதவீதத்தை விளக்கியது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எல்லாம் மன உளைச்சல்தான்’ என்று அனுப்பப்பட்டவர்களின் படத்திலேயே ஏதோ இருந்திருக்கிறது. அளவுகோலுக்குத்தான் கண் இல்லை. பயிற்சிப் படங்களில் பலதரப்பட்ட மக்கள் இருந்ததும் இதற்கு உதவியது.

அந்த ‘ஏதோ’ என்ன என்று ஏஐ சொல்லாது. குருத்தெலும்பா, எலும்பின் உள்பகுதியா, வேறொன்றா என்று தேடுவது எலும்பு மூட்டு ஆராய்ச்சியாளர்களின் வேலை. மருத்துவரைவிட ஏஐ கெட்டியா என்ற பந்தயத்துக்குப் போகிற பணத்தில் பாதியாவது இதற்குப் போகலாம்.